மேற்படிப்புக்குக் காத்திருப்புப் பட்டியலா? மாணவரும் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஜூலை வரைக்கும் வெளிநாட்டு முதுகலை, முனைவர் பட்டப் படிப்புகளுக்கு விண்ணப்பித்த நம் பிள்ளைகளுக்குப் பதில்கள் வந்துகொண்டிருக்கும். இடம் கிடைத்தது என்றால் வீடே கொண்டாடும். கிடைக்கவில்லை என்றால் இரண்டு நாள் அழுகை, பிறகு அடுத்த வேலை. இவை இரண்டிலும் சேராத மூன்றாவது பதில் ஒன்று உண்டு. உங்களுக்குத் தகுதி இருக்கிறது, இப்போதைக்கு இடம் இல்லை, காத்திருப்புப் பட்டியலில் வைத்திருக்கிறோம் என்று அது சொல்லும். நம் நாட்டு வழக்கில் சொன்னால் ‘சிம்பானான்’. ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்கு விண்ணப்பித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தச் சொல் பழக்கமானதுதான்.

எனக்கும் அந்த மூன்றாவது பதில் ஒரு முறை வந்தது. தமிழில் இளங்கலை முடித்த கையோடு, தமிழ் கற்பிக்கும் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டத் திட்டத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். பெயர் இங்கே தேவையில்லை. மார்ச் மாதம் ஒரு விடியற்காலையில் மின்னஞ்சல் வந்தது. சுங்கைப் பட்டாணியில் இரவு ஜாகா வேலை முடித்துவிட்டு அப்பா வீட்டுக்குள் நுழையும் நேரம். “அமெரிக்காவிலிருந்து பதில் வந்திருக்குப்பா, லிஸ்ட்ல இருக்கேன்” என்றேன். ‘லிஸ்ட்’ என்றதும் அவர் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே கோயிலில் நாலு பேருக்குச் செய்தி போய்விட்டது. அதற்குப் பிறகு மூன்று மாதம் கடைக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் “அமெரிக்கா எப்போ?” என்ற ஒரே கேள்விதான்.

விஷயத்தைச் சரியாகப் பிடித்தவர் அம்மாதான். தீபாவளிக்கு ஊருக்குப் போக பஸ் டிக்கெட் தீர்ந்துபோய், யாராவது ரத்து செய்வார்களா என்று கவுண்டரில் நிற்கிறோமே, அந்த மாதிரி என்று சொன்னேன். “அப்ப யாராச்சும் வேணாம்னு சொன்னாதான் ஒனக்கா?” என்று கேட்டார். அவ்வளவுதான் விஷயம். அதற்குள் என்னென்ன இருக்கிறது, அந்த நாட்களில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் இரண்டு தவறுகளைத் தவிர்த்திருப்பேன்.

பட்டியல் எப்படி நகர்கிறது?

அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு இடம் கொடுத்தால் பெரும்பாலும் கட்டண விலக்கும் மாதாந்தர உதவித்தொகையும் சேர்த்தே கொடுப்பார்கள். ஆகவே இடம் என்பது நாற்காலிக் கணக்கு மட்டும் அல்ல, பணக் கணக்கும்கூட. ஐந்து பேருக்குப் பணம் இருந்தால் துறை ஐந்துக்கு மேற்பட்டவர்களுக்கு அழைப்பு அனுப்பும். சிலர் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள் என்று அதற்குத் தெரியும். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் மறுத்தால் பட்டியல் நகரும். எல்லாரும் ஒப்புக்கொண்டால் அந்த ஆண்டு பட்டியலில் ஒரு பெயர்கூட நகராது. இதில் உங்கள் தகுதிக்கு வேலையே இல்லை. யாரோ முன்பின் தெரியாத நாலைந்து பேர் எந்த ஊரில் படிக்க நினைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இந்த நகர்வுக்கு அமெரிக்காவில் ஒரு தேதி உண்டு. கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பின் தீர்மானத்தில் ஏராளமான பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன்பே பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது அந்தத் தீர்மானம். முன்னதாகவே ஒப்புக்கொண்டவரும் ஏப்ரல் 15 வரை எழுத்து மூலம் விலகிக்கொள்ளலாம். நான்கு அழைப்புகளைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் ஏப்ரல் முதல் வாரம் வரை நான்கையும் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்றை விடும்போதுதான் கீழே இருப்பவர்களுக்கு வழி திறக்கும். அமெரிக்கப் பட்டியல்கள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் பாதியில், அதிலும் கடைசி சில நாட்களில்தான் நகர்கின்றன. மார்ச் மாதத்தில் ஒன்றும் வரவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. இந்தத் தீர்மானத்தில் கையெழுத்திடாத பல்கலைக்கழகங்களும் உண்டு. உதவித்தொகை இல்லாத முதுகலைப் படிப்புகளுக்கும் இந்தத் தேதி பொருந்தாது.

ஏப்ரல் 15 என்பது நமக்குச் சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள். மலேசிய நேரம் அந்த மாதத்தில் நியூயார்க்கை விட 12 மணி நேரம் முன்னால் இருக்கும். அங்கே அலுவலகம் காலை 9 மணிக்குத் திறக்கும்போது இங்கே இரவு மணி 9. அங்கே 15-ஆம் தேதி முடியும்போது நமக்கு 16-ஆம் தேதி நண்பகல். புத்தாண்டு அன்று இரவு தொடங்கி மறுநாள் இரவும் சேர்த்துக் கண் மூடாமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. பகல் முழுக்க ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். அந்த நேரத்தில் அங்கே எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்! அமெரிக்கப் பதிலுக்குக் காத்திருப்பவர் காலையில் எழுந்ததும் ஒரு முறை பார்த்தால் போதும், முந்திய இரவு வந்ததெல்லாம் அதில் இருக்கும். பிரிட்டன் என்றால் கோடையில் நமக்கும் அவர்களுக்கும் 7 மணி நேர வித்தியாசம். சாயங்காலம் ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை.

பட்டியலில் உங்கள் எண் 2 என்றால் இரண்டு பேர் விலகினால் இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். பல துறைகள் எண் வரிசையே வைப்பதில்லை. சங்க இலக்கியம் படிக்க வந்தவர் விலகினால் அதே துறைப் பேராசிரியரிடம் சேரக்கூடியவரைத்தான் கூப்பிடுவார்கள். மொழியியல் மாணவர் முதலிடத்தில் இருந்தாலும் அந்த இடம் அவருக்குப் போகாது. அறிவியல் துறைகளில் இது இன்னும் கடுமை. ஆய்வுக்கூடத்தின் மானியம் எவ்வளவு என்பதைப் பொறுத்தே இடம் அமையும். 2025-இல் அமெரிக்க அரசின் ஆய்வு நிதி குறித்த நிச்சயமின்மையால் அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டச் சேர்க்கையைக் குறைத்தன. சில இடங்களில் கொடுத்த அழைப்பையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்த மாதிரி ஆண்டில் பட்டியல் நகராமல் போனால் அதற்கு விண்ணப்பித்தவர் மீது குறை காண எதுவுமில்லை.

பிரிட்டனில் எல்லாருக்கும் பொதுவான தேதி கிடையாது. ஒவ்வொரு படிப்புக்கும் முன்பணம் கட்டும் கெடு ஒன்று இருக்கும். கட்டாதவர்களின் இடம் காலியாகும்போது அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். செவனிங் உபகாரச் சம்பளத்துக்கும் நேர்முகத்துக்குப் பிறகு இப்படி ஒரு மாற்றுப் பட்டியல் உண்டு.

உள்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு வழி முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களின் கதை வேறு. அங்கே தாமதத்துக்குப் பெரும்பாலும் மேற்பார்வையாளர்தான் காரணம். நீங்கள் கேட்ட விரிவுரையாளரிடம் ஏற்கெனவே நிறைய மாணவர்கள் இருக்கலாம். காத்துக்கொண்டே இருக்காமல் அதே துறையில் இன்னொருவருக்கு உங்கள் ஆய்வுச் சுருக்கத்தை அனுப்புவது பல நேரம் வேலையை முடித்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் சேர்க்கை நடப்பதால் ஒன்று தவறினாலும் ஓர் ஆண்டு முழுக்க வீணாகாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் ஆய்வுப் படிப்புகளுக்கு ஆகஸ்ட், ஜனவரி என இரு சேர்க்கை உண்டு.

ஒரே ஒரு மின்னஞ்சல்

காத்திருப்புப் பட்டியல் கடிதம் வந்ததும் முதலில் அதை முழுதாகப் படியுங்கள். பட்டியலில் தொடர விருப்பமா என்று சில பல்கலைக்கழகங்கள் கேட்டிருக்கும். அதற்குப் பதில் சொல்லாவிட்டால் பெயர் தானாகவே நீங்கிவிடும். வேறு ஆவணம் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தால் அனுப்பக்கூடாது.

தடை ஏதும் இல்லையென்றால் ஒரு மின்னஞ்சல் எழுதலாம். பத்து வரிக்குள் முடிய வேண்டும். நன்றி சொல்லுங்கள். இடம் கிடைத்தால் சேருவேன் என்பது உண்மையானால் அதை நேராகச் சொல்லுங்கள். உண்மை இல்லாவிட்டால் சொல்லாதீர்கள். விண்ணப்பத்துக்குப் பிறகு புதிதாக நடந்தது ஏதாவது இருந்தால் அதைச் சேருங்கள். இறுதித் தேர்வு முடிவு, வெளிவந்த கட்டுரை, கிடைத்த உபகாரச் சம்பளம் போன்றவை. புதிதாக எதுவும் இல்லை என்றால் இல்லாததைச் செய்தியாக்க வேண்டாம். கடைசியில் இரண்டு மூன்று கேள்விகள் கேட்கலாம். பட்டியல் வரிசைப்படியா? எப்போது மூடுவார்கள்? பிந்தி இடம் கிடைப்பவருக்கும் உதவித்தொகை அதே அளவா? கடந்த ஆண்டுகளில் எத்தனை பேர் பட்டியலிலிருந்து சேர்ந்தார்கள் என்றும் கேட்கலாம், சிலர் சொல்வார்கள். சொல்லாவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டும்.

கேள்விகளில் முக்கியமானது உதவித்தொகை பற்றியது. இடம் மட்டும் கொடுத்துப் பணம் கொடுக்காத அழைப்பு ஜூனில் வந்தால் அதை எப்படி எதிர்கொள்வது என்பதை ஏப்ரலிலேயே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு ஏதாவது பெரிய செய்தி வந்தால் ஒழிய மறுபடி எழுத வேண்டாம். வாரா வாரம் எழுதினால் ஆர்வம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் சமூகத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. இடம் கிடைக்கவில்லை என்றால் ஒய்.பி.யிடம் ஓர் ஆதரவுக் கடிதம் வாங்கிவிடலாம் என்பார் யாராவது ஒரு மாமா. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத் துறை ஒன்றில் அந்தக் கடிதத்தை யார் படிப்பார்கள் என்று நினைக்கிறோம்? உங்களுக்குப் பாடம் நடத்திய விரிவுரையாளர் உங்கள் ஆய்வைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு. பட்டியலில் மேலே ஏற்றிவிடுகிறேன் என்று பணம் கேட்கும் முகவரிடம் பேச்சே வேண்டாம். அந்தப் பட்டியலைத் தொடும் வசதி துறைக்கு வெளியே யாருக்கும் இல்லை.

கடைசி நாளை நீங்களே வையுங்கள்

என் முதல் தவறு இங்கேதான். அந்த மார்ச் மாதமே ஒரு கல்வி நிலையத்தில் தமிழ் கற்பிக்கும் வேலை வந்தது. சம்பளம் பெரிதில்லை, ஆனால் வேலை நல்லது. ஜூன் வரை பொறுக்க முடியுமா என்று கேட்டேன். அவர்களுக்கு ஆள் உடனே தேவை. ஒரு வாரம் பார்த்துவிட்டு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள், அவர்கள் மீது எந்தத் தப்பும் இல்லை. வேலையை ஏற்றுக்கொண்டு, இடம் கிடைத்தால் முறைப்படி விலகலாம் என்ற யோசனையே எனக்கு வரவில்லை. வேலையை ஒப்புக்கொண்டால் அமெரிக்கா கை நழுவிவிடும் என்று ஒரு மூடநம்பிக்கை மாதிரி பயந்துகொண்டிருந்தேன்.

பல்கலைக்கழகம் எப்போது பட்டியலை மூடுகிறதோ அதுவரை நானும் மூடாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அது தேவையில்லை. வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் நமக்கு உண்மையில் எந்த நாள் வரை பயன்படும் என்பது தெரிந்துவிடும்.

அமெரிக்க வகுப்பு ஆகஸ்ட் கடைசியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இடம் உறுதியான பிறகே பல்கலைக்கழகம் ஐ-20 படிவம் தரும். அதற்கு வங்கிக் கணக்கறிக்கை கேட்பார்கள், சில நாட்கள் போகும். படிவம் வந்த பிறகு 350 அமெரிக்க டாலர் செவிஸ் கட்டணம், தனியே விசா கட்டணம், பிறகு கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தூதரகத்தில் நேர்முகம். நேர்முகத் தேதி எப்போது கிடைக்கும் என்பது அந்த ஆண்டின் கூட்டத்தைப் பொறுத்தது. இதற்கெல்லாம் இரண்டு மாதமாவது ஒதுக்கினால், ஜூன் பாதிக்குப் பிறகு வரும் அழைப்பு அவசர ஓட்டமாகத்தான் முடியும்.

வேலையில் இருப்பவர் இன்னொரு கணக்கும் போட வேண்டும். தீபகற்பத்தில் 1955 வேலைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வாரமும், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர் 6 வாரமும், அதற்கு மேற்பட்டவர் 8 வாரமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். உங்கள் வேலைக் கடிதத்தில் மூன்று மாதம் என்று இருந்தால் மூன்று மாதம்தான். அந்தக் கடிதத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள். பட்டியலில் இருக்கும்போது ராஜினாமா செய்யவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் அப்படிச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிரிட்டன் செல்பவருக்கு வேறு படிகள். மாணவர் விசாவை வகுப்பு தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், முடிவு பொதுவாக மூன்று வாரத்தில் வரும். அதற்குப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி எண் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் மலேசியர் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் தர வேண்டும். அறிவியல், பொறியியல் துறைகள் சிலவற்றுக்கு ‘ஏடாஸ்’ என்ற பாதுகாப்பு அனுமதி தேவை. கட்டணம் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அழைப்புக் கடிதம் இல்லாமல் விண்ணப்பிக்கவும் முடியாது. இதில் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு, மலேசியர்களுக்கு இல்லை. செப்டம்பர் கடைசியில் வகுப்பு என்றால் ஏடாஸ் தேவைப்படும் துறைக்காரர் ஜூன் கடைசியையும், மற்றவர் ஜூலைப் பாதியையும் தம் கடைசி நாளாக வைத்துக்கொள்ளலாம்.

அந்த நாளை நாட்காட்டியில் குறித்து வீட்டிலும் சொல்லிவிடுங்கள். அதுவரைக்கும் வேறு பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடத்தையோ வேலையையோ விட்டுவிடாதீர்கள். இரண்டாவது விருப்பத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்தால் அது திரும்பக் கிடைக்குமா என்று கட்டுவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்தத் தொகையை இழந்தாலும் பரவாயில்லையா என்று பாருங்கள். சில குடும்பங்களுக்குப் பரவாயில்லை, பல குடும்பங்களுக்கு அது அம்மாவின் இரண்டு வளையல். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையை ஒப்புக்கொண்டு ஏப்ரல் 15 கடந்த பிறகு வேறொன்றிலிருந்து அழைப்பு வந்தால், முதலில் ஒப்புக்கொண்ட இடத்துக்கு எழுதி விடுவித்துக்கொண்ட பிறகே மற்றதை ஏற்பது முறை.

வீட்டுப் பணம்

இரண்டாவது தவறை நான் மட்டும் செய்யவில்லை, வீடே சேர்ந்து செய்தது. தம்பி அந்த ஆண்டு லாரி ஓட்டும் லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கென்று அப்பா பணம் சேர்த்து வைத்திருந்தார். “அக்கா டிக்கெட்டுக்கு வேணும், கொஞ்சம் பொறு” என்று அவனை நிறுத்திவிட்டார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பகலில் கார் கழுவும் கடைக்குப் போய்க்கொண்டு நான்கு மாதம் சும்மா இருந்தான். பட்டியலில் பெயர் இருந்தது எனக்கு, காத்திருந்தது அவனும்தான் என்று எனக்குப் புரிந்தபோது ஜூன் வந்துவிட்டது.

அழைப்புக் கடிதம் கைக்கு வரும்வரை வீட்டில் யாருடைய பணத்தையும் அசைக்க வேண்டியதில்லை. பல விஷயங்களில் அசைக்கவும் முடியாது. இபிஎப்-பில் கல்விக்கென்று பணம் எடுக்க சேர்க்கைக் கடிதம் கேட்பார்கள். 2024 மே 11 முதல் இபிஎப் சேமிப்பு மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சொந்தப் படிப்புக்கோ பிள்ளைகளின் படிப்புக்கோ எடுப்பது ‘செஜாத்ரா’ கணக்கிலிருந்து. மூன்றாவதான ‘ஃபிளெக்சிபல்’ கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால், பிள்ளை பட்டியலில் இருக்கிறதே என்று அப்பாமார்கள் முன்கூட்டியே எடுத்து வைக்கப் பார்ப்பார்கள். கணக்கில் இருந்தால் லாப ஈவு சேரும், வீட்டில் இருந்தால் வேறு செலவு வந்து சேரும்.

நகையை அடகு வைப்பதும் அப்படித்தான். பிரிட்டன் விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால் சிலர் அவசரப்படுகிறார்கள். மலேசியர் பெரும்பாலும் அந்தக் கணக்கறிக்கையை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்டால் காட்ட வேண்டும், அதனால் பணம் உண்மையிலேயே இருக்க வேண்டும். அழைப்பு வந்த பிறகும் அந்த 28 நாளுக்கு நேரம் இருக்கும்படி மேலே சொன்ன கடைசி நாளை வைத்துக்கொண்டால் வட்டி கட்டிக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை.

பிடிபிடிஎன் கடன் வைத்திருப்பவர்கள், படிக்கப் போகப்போகிறோமே என்று தவணையை நிறுத்திவிட வேண்டாம். ஒத்திவைக்கக் கேட்பதற்கும் கையில் சேர்க்கைக் கடிதம் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை இந்தச் செய்தியைச் சொன்னால், கிடைத்துவிட்டது என்றும் வெளியே சொல்லாதீர்கள், கிடைக்கவில்லை என்றும் சொல்லாதீர்கள். “இன்னும் பதில் வரல” என்பது போதும், அது பொய்யும் இல்லை. தினமும் கேட்காதீர்கள். வந்தால் முதலில் உங்களிடம்தான் சொல்லப்போகிறது. என் அப்பா கடைசியில் கேட்பதை நிறுத்திவிட்டு, விடிந்ததும் வேலையிலிருந்து வந்து என் முகத்தை மட்டும் பார்ப்பார். அது கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், ஒரு வேலையும் ஓடாமல் வாரக்கணக்கில் போனால் அதைப் படிப்புக் கவலை என்று விட்டுவிடக்கூடாது. சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. படித்த பல்கலைக்கழகத்தின் ஆலோசகரையும் முன்னாள் மாணவர் என்று சொல்லி அணுகிப் பார்க்கலாம்.

இடம் வராமல் போனால்

ஜூன் முதல் வாரத்தில் எனக்கு இரண்டு வரியில் பதில் வந்தது. பட்டியல் மூடப்பட்டது என்று. அன்று அழுகை வரவில்லை. கடையில் போய் ரொட்டிச் சானாய் சாப்பிட்டோம், நானும் தம்பியும். அடுத்த வாரம் அவன் லைசென்ஸ் வகுப்பில் சேர்ந்தான்.

மறு ஆண்டு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்குக் காத்திருப்புப் பட்டியல் ஒரு தகவலைத் தந்திருக்கிறது. உங்கள் விண்ணப்பத்தைப் படித்தவர்கள் ஒதுக்கித் தள்ளவில்லை. துறைக்கு எழுதி, அடுத்த முறை எதைச் சரிசெய்யலாம் என்று கேட்கலாம். அமெரிக்கத் துறைகளில் சில பேராசிரியர்கள் நல்ல பதில் தருவார்கள், பல இடங்களில் பதிலே வராது. தேர்வுச் சான்றுகளின் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஇஎல்டிஎஸ், டோஃபல் இரண்டுக்கும் இரண்டு ஆண்டு, ஜிஆர்இ-க்கு ஐந்து ஆண்டு. டிசம்பரில் விண்ணப்பம், ஆனால் ஐஇஎல்டிஎஸ் அக்டோபரிலேயே காலாவதி என்று கடைசி நேரத்தில் கண்டுபிடித்தால் மறுபடி கட்டணம் கட்டி எழுத வேண்டும். பரிந்துரைக் கடிதம் கொடுத்த விரிவுரையாளர்களிடம் முடிவைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் அவர்களிடம்தான் போய் நிற்கப்போகிறோம். அதே விண்ணப்பக் கட்டுரையைத் தேதி மாற்றி அனுப்ப வேண்டாம். இடையில் ஓர் ஆண்டு வாழ்ந்திருக்கிறீர்கள், அது அதில் தெரிய வேண்டும். நான்கைந்து இடங்களுக்கு விண்ணப்பிப்பதானால் அதில் ஒன்று உள்நாடாக இருக்கட்டும்.

இடையிலேயே மனம் மாறி, வேறு இடத்தை உறுதி செய்துவிட்டால், அல்லது நீங்கள் வைத்த கடைசி நாள் கடந்துவிட்டால், பட்டியலில் பெயரைத் தொங்கவிடாமல் விலகுவதாக இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குக் கீழே இருப்பவர் ஒரு படி மேலே வருவார். கையில் மூன்று அழைப்புகளை வைத்துக்கொண்டு இன்னும் முடிவு செய்யாமல் இருப்பவர்களும் ஏப்ரல் 15 வரை இழுக்காமல், வேண்டாத இரண்டை இன்றே விட்டுவிடலாம். எங்கேயோ ஒருவர் அப்படி ஒரு மின்னஞ்சல் எழுதுவாரா என்றுதான் அந்தச் சித்திரை மாதம் எங்கள் வீட்டில் நான்கு பேர் காத்திருந்தோம்.